மறுமுனையைப் பிடித்தவள்

அந்தப் பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறவளை எல்லாரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைப் பார்க்கும்போது அடுத்த வீட்டுக்காரியின் பெயரைப் பார்ப்பது போல அவளுக்கே இருக்கும்.

சலவைக்கூடம் தரைக்குக் கீழே, மருத்துவமனையின் வயிற்றில் இருந்தது. ஜன்னல் கிடையாது. துவைக்கிற மெஷின்கள் ஒரு பக்கம், உலர்த்துகிறவை இன்னொரு பக்கம், நடுவில் ஆள் உயர உருளைகளுக்கிடையே துணியை இழுத்து இஸ்திரி போட்டுத் துப்புகிற நீள மெஷின். அது துப்புவதைச் சூடு ஆறுமுன் பிடித்து மடிப்பதுதான் மடிப்பக்காவின் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் வேண்டும். இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. ஒரு உதறல், ஒரு இழுப்பு, பிறகு இருவரும் நடந்து வந்து நடுவில் சந்தித்து மூலைகளை ஒப்படைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே இழுப்பாக இருக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் தளர்ந்தாலும் விளிம்பு கோணிக்கொள்ளும். முதலிலிருந்து மடிக்க வேண்டியதுதான்.

மறுமுனையைப் பிடிக்கிறவள் சீட்டி. சினிமாப் பாட்டு எதுவானாலும் சீட்டியடித்துக்கொண்டே மடிப்பவள் என்பதால் அந்தப் பெயர். பதினோரு வருட ஜோடி. மடிப்பக்காவின் கைகளுக்கு விரிப்பின் எடை தெரிகிற மாதிரி சீட்டியின் மனநிலையும் தெரியும். வீட்டில் சண்டை என்றால் சீட்டி கொஞ்சம் அதிகமாக இழுப்பாள்.

மடிப்பக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வந்தால் வாயில் வருவதையெல்லாம் கொட்டிவிடுவாள். கொட்டி முடித்த ஐந்தாவது நிமிடம் டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டுவாள். அவள் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. அந்த டீதான் மன்னிப்பு. லிஃப்ட் மெக்கானிக்கான கணவனுக்கு இது பழகிப்போயிருந்தது. “இன்னிக்கு ரெண்டு டீ குடிச்சாச்சு, இதுக்கு மேல திட்டினா தூக்கம் வராது” என்பான்.

மகளுக்கும் பழகித்தான் இருந்தது. அந்த ஒரு நாள் வரைக்கும்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. குடியிருப்பில் நான்கு மாடிக்கும் அவள் வாயாடி. பள்ளிவிட்டு வரும்போது கீழ்ப்படியில் ஆரம்பிக்கிற கதை நான்காவது மாடிக் கதவுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதும் முடிந்திருக்காது. அன்றைக்கு மடிப்பக்கா இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தாள். கதவைத் திறந்தால் பாதம் நனைந்தது. சமையலறைக் குழாய் திறந்தே இருந்தது. தண்ணீர் கூடம் தாண்டி, அறை தாண்டி, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகளுக்குள் போயிருந்தது. வாயாடி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மேசை மேல் காலைத் தூக்கி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

மடிப்பக்கா சொன்னாள்: “நீ ஒருத்தி இல்லாம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்.”

வழக்கமாகக் கத்துவாள். அன்றைக்குக் கத்தவில்லை, களைப்பில் சாதாரணக் குரலில் சொன்னாள். அதனால்தானோ என்னவோ அந்தப் பெண் அதை நம்பிவிட்டாள். எழுந்து, துணியை எடுத்து, வீடு முழுக்கத் துடைத்தாள். மடிப்பக்கா டீ போட்டுக் கொடுத்தாள். டீ மேசையிலேயே ஆறி, மேலே ஏடு கட்டியது.

அதற்குப் பிறகு வாயாடி தன் அம்மாவோடு பேசவில்லை. அப்பாவோடு பேசினாள், பக்கத்து வீட்டுப் பூனையோடு பேசினாள். அம்மா கேட்டால் தலையாட்டல், தோள் குலுக்கல். ஒரு நாள், இரண்டு நாள் என்று பார்த்து, பத்தொன்பது நாள் ஆனது. கணவன், “வயசு அப்படி, தானா சரியாயிடும்” என்றான். மடிப்பக்காவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அந்தப் பெண் மறுபடி தன்னோடு பேச வேண்டும்.

இருபதாம் நாள்தான் சலவைக்கூடத்துக்குப் பயிற்சியாளர் வந்தார்.

தொழிலாளர்களின் நலவாழ்வுக்காக மேலிடம் அனுப்பியிருந்தது. மெஷின்களை அரை மணி நிறுத்திவிட்டு, மடிப்பு மேசைகளைச் சுற்றி நாற்காலி போட்டார்கள். அவர் பேசியது மெஷின் சத்தத்துக்குப் பழகின அந்தக் காதுகளுக்குக் கேட்கவே இல்லை. எல்லாரும் முன்னால் குனிந்து கேட்டார்கள். ஆளுக்கொரு பச்சை நோட்டுப் புத்தகம் கொடுத்தார்.

“உங்களுக்குள்ள ஒரு நல்ல மனுஷி இருக்காங்க. தினமும் அவங்களுக்கு ஒரு பக்கம் எழுதுங்க. இனிமே வரப்போறாங்கன்னு எழுதாதீங்க, ஏற்கெனவே வந்துட்டாங்கன்னு எழுதுங்க. முக்கியமா ஒண்ணு. ‘நீ’ன்னு எழுதக் கூடாது. ‘நீங்க’ன்னு மரியாதையா எழுதுங்க. உங்கள நீங்களே மதிக்கலன்னா வேற யார் மதிப்பாங்க?”

சீட்டி மடிப்பக்காவின் காதருகே வந்தாள். “எங்க வீட்டுக்காரர் கல்யாணம் ஆன நாள்லேருந்து என்ன ‘ஏய்’னுதான் கூப்பிடுறார். நான் பாட்டுக்கு என்னையே ‘நீங்க’ன்னு கூப்பிட்டேன்னு வைங்கக்கா, யாரோ விருந்தாளி வந்திருக்காங்கன்னு நாற்காலி எடுத்துப் போட்டுடுவேன்.”

மடிப்பக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

மற்றவர்கள் நோட்டில் பால்காரர் வராத நாளைக் குறித்தார்கள், பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்தார்கள். சீட்டி தன்னுடையதை ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். மடிப்பக்கா மட்டும் மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், உலர்த்தும் மெஷினின் வெதுவெதுப்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து எழுதினாள். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. எழுத்துகள் பெரிசு பெரிசாக இருந்தன.

‘நீங்கள் அதிகாலையில் எழுகிறீர்கள். நீங்கள் கோபப்படுவதே இல்லை. நீங்கள் கெட்ட வார்த்தை பேசியதே இல்லை. உங்கள் மகள் உங்களோடு பேசுகிறாள்.’

முதல் வாரம் நன்றாகவே இருந்தது. விடிவதற்குள் எழுந்து அரை மணி நடந்தாள். எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். மூச்சை எண்ணிக்கொண்டு கால் மணி உட்கார்ந்தாள். லிஃப்டை நம்பாமல் நான்கு மாடியும் படியேறும்போது வழக்கமாக இரண்டாவதில் நின்று சுவரைப் பிடிப்பவள், பிடிக்காமல் ஏறினாள். முழங்கால் வலி குறைந்தது. இவ்வளவோடு விட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அவள் எதையும் பாதியில் விடத் தெரியாதவள். மகள் இன்னும் பேசவில்லையே, அப்படியானால் இன்னும் போதவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

டீயை விட்டாள். ‘நீங்கள் வீண்பேச்சு பேசுவதில்லை’ என்று எழுதினாள். சீட்டியோடு அரட்டை நின்றது. வேலை முடிந்து பின்பக்கப் படியில் சும்மா உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற இருபது நிமிடத்தில் ஒரு புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாள். ஒரு வரியும் மனதில் நிற்கவில்லை. வேலை செய்யும்போது தொண்டைக்குள் ஏதோ முனகிக்கொண்டே இருப்பாள், அதையும் நிறுத்தினாள். கோபம் வரும்போது உள்ளங்கையில் நகத்தைப் பதித்துக்கொண்டு புன்னகைத்தாள்.

“அக்கா, உங்க முனை லேசா இருக்கு” என்றாள் சீட்டி ஒரு நாள்.

“சரியாத்தானே இழுக்கிறேன்?”

“இழுக்கிறீங்க. ஆனா அங்க ஆள் இருக்கிற மாதிரி தெரியல.”

மறுநாள் காலை அவள் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது வெயில் கட்டிலைத் தொட்டிருந்தது. அலறியடித்து எழுந்தால் சமையலறை மேடையில் எட்டு டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன, ஒரே வரிசையில், அடியில் ஈரத்தோடு. வாசலில் அவளுடைய செருப்பு நனைந்திருந்தது. ஓரத்தில் புல் ஒட்டியிருந்தது.

“நடந்துட்டு வந்து மறுபடி படுத்துட்டியா?” என்று கேட்டான் கணவன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. “எழுந்திருக்கும்போது என் போர்வையைக்கூட இழுத்து விட்டியே. அவ்வளவு நல்லவளா ஆயிட்டியா நீ?”

தூக்கக் கலக்கத்தில் போய்வந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். அவள் கட்டிலின் தன் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இவ்வளவு நேரம் படுத்திருந்த இடத்தில் விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது. மூலைகள் மருத்துவமனை மடிப்பில் இறுக்கிச் செருகியிருந்தன. அவள் வீட்டில் அப்படிச் செருகுவதே இல்லை.

அந்த வாரமே சலவைக்கூட வாசலில் கைரேகை வைக்கிற மெஷின் அவளை உள்ளே விடவில்லை. விரலை வைத்தாள். ‘ஏற்கெனவே பதிவாகிவிட்டது’ என்றது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதையே சொன்னது. சூப்பர்வைசர் வந்தார். எப்போதும் “ஏம்மா, மடிப்பு” என்று கூப்பிடுகிறவர், அன்றைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பேசினார்.

“நீங்க ஆறு மணிக்கே வந்துட்டீங்களே. வெளிய எதுக்குப் போனீங்க?”

உள்ளே மேசையில் எண்பது விரிப்புகள் மடித்து அடுக்கியிருந்தன. விளிம்புகள் கத்தி போல இருந்தன. தனியாக ஒருத்தி அப்படி மடிக்க முடியாது.

சாப்பாட்டு இடைவேளையில் மடிப்பக்கா நோட்டைத் திறந்தாள். அன்றைய பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு பழக்கத்தில் எழுதினாள்: ‘நீங்கள் எதற்கும் பயப்படுவதில்லை.’

வீட்டுக்குப் போனபோது கணவன் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான். காய்ச்சலென்று அன்றைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தான்.

“நாலு மணிலேருந்து பாத்துக்கிட்டேதான் படுத்திருந்தேன். அவளுக்குக் கணக்கு எவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுத்த! ஒரு தடவ புரியல, ரெண்டு தடவ புரியல, மூணாவது தடவையும் சிரிச்சுக்கிட்டே சொல்ற. நான் காய்ச்சல்ல கனவு காணுறேனோன்னு பாத்தேன்.”

“எந்தக் கணக்கு?”

“அந்த எக்ஸ், ஒய்னு வருமே.”

நாலு மணிக்கு அவள் தரைக்குக் கீழே இருந்தாள். எக்ஸ், ஒய் பக்கம் அவள் ஜென்மத்தில் போனதில்லை.

“அவ பேசினாளா?” என்று மட்டும் கேட்டாள்.

“பேசாம? பழையபடி படபடன்னு.”

அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. மகள் பேசிவிட்டாள். யாரோடு?

மூன்றாம் நாள் அதையும் காதால் கேட்டாள். மாலையில் படியேறி மூன்றாவது மாடி தாண்டியிருந்தாள். மேலே வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே வாயாடியின் குரல் கேட்டது.

“நீங்க கோவமே பட மாட்டீங்களா? நான் தட்ட உடைச்சாலும்? ரெண்டு உடைச்சாலும்?”

லிஃப்ட் அவளைத் தாண்டிக் கீழே இறங்கியது, கண்ணாடிச் சதுரத்தில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. மடிப்பக்கா மிச்சப் படிகளை ஏறிக் கதவைத் தள்ளினாள். மேசையில் வாயாடி மட்டும் இருந்தாள். எதிர் நாற்காலி கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தது. மேசையில் இரண்டு கோப்பைகள். இரண்டிலும் வெந்நீர், ஒன்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

பெண் நிமிர்ந்து பார்த்தாள். “எதையாவது மறந்துட்டீங்களா? இப்பதான லிஃப்ட்ல கீழ போனீங்க?”

முப்பத்தைந்து நாளுக்குப் பிறகு மகள் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. காத்துக் காத்துக் கிடந்த பேச்சு. ஆனால் பிறந்ததிலிருந்து அவளை ‘நீ’ என்றே கூப்பிட்டு வளர்ந்த பெண், ‘போம்மா’, ‘வாம்மா’, ‘உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா’ என்று பேசிய பெண், வகுப்பு டீச்சரிடம் பேசுவது போல ‘நீங்க’ என்றாள். மடிப்பக்காவுக்கு அந்த ஒரு சொல்லுக்குள் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“நான் இப்பதான் வேலைலேருந்து வர்றேன்டா.”

“சரிங்கம்மா” என்றாள் பெண், மரியாதையாக.

மறுநாள் மடிப்பக்கா சீட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டி சீட்டியடிக்காமல் கேட்டாள். கேட்டு முடித்து, “முதல்ல எழுதுறத நிறுத்துங்கக்கா” என்றாள். “மரியாதை குடுத்துக் கூப்பிட்டா யார்தான் வர மாட்டாங்க?”

“கிண்டல் பண்ணாத.”

“நான் கிண்டல் பண்ணலக்கா. என் நோட்ட மேசைக் காலுக்கடியில வச்சேன்ல? அது பாட்டுக்கு நல்லா இருக்கு.”

நிறுத்தினாள். நோட்டைத் தன் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தபோது, அவள் எழுதாத பக்கத்தில் எழுதியிருந்தது. அவள் கையெழுத்துதான், ஆனால் எழுத்துகள் சின்னதாக, வரியை விட்டு விலகாமல் இருந்தன.

‘நீங்கள் இரண்டு நாளாக எழுதவில்லை. பரவாயில்லை. நீங்கள் மிகவும் களைத்திருக்கிறீர்கள். ஓய்வெடுங்கள். மகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.’

அன்றிலிருந்து அவளுக்குக் குரல் கம்மிக்கொண்டே வந்தது. விட்ட டீயை மறுபடி குடிக்கலாமென்று கடையில் நின்று இரண்டு முறை கேட்டும் கடைக்காரர் அவளுக்குப் பின்னால் இருந்தவரிடம் “உங்களுக்கு?” என்றார். வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு குறைவாக இருந்தது. கணவன் அதைக் கவனிக்கவே இல்லை, “நீதான் முன்னாடியே சாப்பிட்டியே” என்றான். தானாகத் திறக்கிற சலவைக்கூடத்துக் கண்ணாடிக் கதவு அவள் எதிரே வந்து நின்றும் அசையவில்லை. யாரோ ஒரு வார்டு ஆள் வந்து திறக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். கண்ணாடியில் தள்ளுவண்டி தெரிந்தது, வார்டு ஆள் தெரிந்தார். தன்னைத் தேடுவதற்கு அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீட்டி பல் பிடுங்கப் போனாள். “நீங்க ஒருத்தரே சமாளிச்சுடுவீங்க, இப்பல்லாம் உங்க வேலைதான் நம்பர் ஒன்” என்றார் சூப்பர்வைசர். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நீள மெஷின் வெந்த துணியின் வாடையோடு விரிப்பை மெதுவாக வெளியே தள்ளியது.

மடிப்பக்கா இரண்டு மூலையைப் பிடித்தாள். மேசையில் போட்டுத் தனியாக மடிக்கலாம் என்று திரும்பியபோது மறுமுனை தரையிலிருந்து எழுந்தது.

மெல்ல, பழகின கையின் லாகவத்தோடு எழுந்து, அவள் மார்பு உயரத்தில் வந்து நின்றது. ஒரு உதறல். அவள் கை தன்னால் பதிலுக்கு உதறியது. விரிப்பு காற்றில் உப்பி, இருவருக்கும் நடுவே வெள்ளையாக நின்று, இறங்கியது. விளிம்புக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவளுடைய செருப்பு. ஆனால் அறுந்து தைத்த வார் அதில் தைக்காத புதுசாக இருந்தது.

இழுப்பு வந்தது. பதினேழு வருடத்தில் எந்த ஜோடியிடமும் அப்படி ஒரு இழுப்பை அவள் பார்த்ததில்லை. ஒரு நூல் கூடுதலும் இல்லை, ஒரு நூல் குறைவும் இல்லை. கொடுமை என்னவென்றால், அது சுகமாக இருந்தது. மூலைக்கு மூலை வந்து சேர்ந்தது. சந்திக்கிற இடத்தில் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மூலைகளை வாங்கினாள். விரல்கள் தொட்டுக்கொண்டன. அந்த விரல்களில் சூடு இல்லை, குளிர்ச்சியும் இல்லை. இரண்டாவது விரிப்பு. மூன்றாவது. பத்தாவது. ஒன்றுகூடக் கோணவில்லை.

பிறகு விரிப்புக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரலே பேசியது. கரகரப்பு இல்லாத, யாரையும் திட்டித் தேயாத குரல்.

“நீங்க உக்காருங்க. மிச்சத்த நான் முடிச்சுடுறேன்.”

நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.

“வீட்டுக்கும் நான் போயிடுறேன். அவ காத்துக்கிட்டிருப்பா.”

மடிப்பக்கா பிடியைத் தளர்த்தினாள். எவ்வளவு நாள் களைப்பு. விட்டுவிட்டால் என்ன? பெண்ணுக்கு நல்ல அம்மா, வீட்டுக்கு நல்ல பொண்டாட்டி, மருத்துவமனைக்கு நல்ல ஆள். கோபம் கிடையாது, கத்தல் கிடையாது. இதைத்தானே பக்கம் பக்கமாக எழுதிக் கேட்டாள்? பாதி உட்கார்ந்தவள் ஏதோ நினைவு வந்து நின்றாள்.

“அவகிட்ட மன்னிப்புக் கேட்டியா?”

“எதுக்கு?”

“அன்னிக்கு, குழாய் திறந்து கிடந்தப்ப சொன்னேனே. அதுக்கு.”

விரிப்பு அசையாமல் நின்றது.

“நான் அப்படியெல்லாம் பேசினதே இல்லையே” என்றது அந்தக் குரல், கொஞ்சமும் பிசகாமல், அவள் எழுதின மாதிரியே.

அப்போதுதான் மடிப்பக்காவுக்கு விஷயம் உறைத்தது. ஒன்றும் சொல்லாதவள் எதற்காக மன்னிப்புக் கேட்பாள்? அந்த வார்த்தை இன்னும் அந்தப் பெண்ணுக்குள் அப்படியே கிடக்கிறது. மேலே ‘நீங்க’ என்று மரியாதையைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். அதைச் சொன்ன வாய்தான் போய் அதைத் திரும்ப வாங்க வேண்டும். இந்தச் சுத்தமானவளால் ஆயிரம் வருடம் சிரித்தாலும் முடியாது.

அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. இத்தனை நாளாக நகத்தைப் பதித்துப் பதித்து அடக்கிவைத்தது, பழைய ஆள் திரும்பி வருகிற மாதிரி வந்தது. “விடு!” என்று கத்தினாள். குரல் கூடம் முழுக்க எதிரொலித்தது. இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். மறுமுனை எதிர்க்கவில்லை. விரிப்பு மொத்தமும் வந்து அவள் காலடியில் குவியலாக விழுந்தது. அந்தப் பக்கம் மெஷினும் சுவரும் மட்டும் இருந்தன.

அவள் அதை மடிக்காமல் போட்டுவிட்டு நடந்தாள். கண்ணாடிக் கதவு திறந்தது.

வீட்டில் வாயாடி மேசையில் இருந்தாள். எதிரே கோப்பை தயாராக இருந்தது. மடிப்பக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். நான்கு மாடியும் ஓடி வந்திருந்தாள். தலை கலைந்து, முகம் வியர்த்து, சீருடைச் சட்டையின் ஒரு பக்கம் வெளியே தொங்கியது.

“உக்காருங்க” என்றாள் பெண்.

“உக்கார வரல. ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் சொன்னேன்ல, நீ இல்லாம இருந்திருந்தான்னு. அது பொய். களைப்புல வந்துச்சு. எதுல வந்தா என்ன, வந்தது என் வாயிலேருந்து. சொன்னது தப்பு. உனக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு தெரிஞ்சும் டீயக் குடுத்துட்டு சும்மா இருந்தேன் பாரு, அது அதைவிடத் தப்பு. என்ன மன்னிச்சுடுடா.”

பெண் அவளையே பார்த்தாள். கலைந்த தலையிலிருந்து தைத்த செருப்பு வரைக்கும் பார்த்தாள்.

“நீயா?”

“நான்தான்.”

“இவ்ளோ நாளா எங்க போயிருந்த நீ?” வாயாடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கையில் கிடைத்த புத்தகம் பறந்து வந்து மடிப்பக்காவின் தோளில் பட்டது. “பெத்தவ பேசுற பேச்சா அது? நான் வேணும்னேவா குழாயத் திறந்து வச்சேன்? ராவெல்லாம் அழுதேன் தெரியுமா? நீ வந்து ஒரு வார்த்த கேட்டியா? அப்புறம் அவங்க வந்துட்டாங்க. நல்லாதான் பேசுறாங்க. அன்னிக்கு நடந்தத எடுத்தா மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிக்கிறாங்க. நான் அழுதாலும் அதே சிரிப்பு. எனக்கு பயமா இருந்துச்சும்மா. உன்ன மாதிரியேதான் இருந்தாங்க, ஆனா...”

“ஆனா?”

“வேர்க்கவே இல்ல.”

மடிப்பக்கா அவளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டாள். பெண் திமிறினாள், முதுகில் நாலு குத்துக் குத்தினாள், பிறகு அந்த வியர்த்த தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். ஒரு மாதத்துப் பேச்சு முழுவதும் வந்தது. பள்ளியில் எவளோ முதுகில் பசை தடவியது, பூனை குட்டி போட்டது, கணக்கில் இருபதுக்குப் பதினேழு வாங்கியது.

“அது மட்டும் அவங்க சொல்லிக் குடுத்தது” என்றாள்.

அப்போது லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நடைபாதையில் காலடிகள், அவசரமில்லாமல், ஒரே அளவாக வந்தன. வாசலில் நின்றன. கதவு சாத்தியிருந்தது, யாரோ இரண்டு விரலால் மிக மரியாதையாகத் தட்டினார்கள்.

பெண் அம்மாவின் சட்டையைப் பிடித்தாள். “அவங்கதான்.”

மடிப்பக்கா தன் முழங்காலைத் தடவிப் பார்த்தாள். முழங்கால் வலிக்கவில்லை. நான்கு மாடி ஓடி வந்தும் வலிக்கவில்லை. அது யார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும்.

“தொறக்காதம்மா.”

“காலைல என்ன எழுப்பிவிட ஒரு ஆள் வேணும்டி. தண்ணி குடின்னு சொல்லவும், உனக்குக் கணக்குச் சொல்லவும்.” அவள் மகளின் கையை விடாமல் போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள். நடைபாதையில் யாரும் இல்லை. ஆனால் வாசலுக்கு நேரே, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு, சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது.

“வெளிய என்ன நின்னுக்கிட்டு?” என்றாள் மடிப்பக்கா அந்த ஈரத்தைப் பார்த்து, தன் பழைய கரகரத்த குரலில். “செருப்ப அங்க கழட்டிட்டு உள்ள வா. அந்த ஓரத்து நாற்காலில உக்காரு. நான் கூப்பிட்டா பேசு, போதும்.”

காற்று அவர்களைத் தாண்டி உள்ளே போனது. ஓரத்து நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

வாயாடி அம்மாவின் காதில், ஆனால் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, ரகசியம் சொன்னாள். “அவங்களுக்கு சண்டை போடவே தெரியாதும்மா.”

“கத்துக்குவா” என்றாள் மடிப்பக்கா. கதவைச் சாத்திவிட்டு டீ போடப் போனாள்.